சாரல் மாதத்தில் பிள்ளைக்கு இருமல்: வீட்டில் கவனிப்பதும் செய்வதும்

ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று இறங்கத் தொடங்கியதும், தென்காசி மாவட்டத்தின் கேரள எல்லையோரம் புளியரை, செங்கோட்டை, பண்பொழி, இலஞ்சிப் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது இருமிக்கொண்டிருக்கும். பழியெல்லாம் சாரலுக்குப் போகும். ஆனால் சளி, இருமல் பெரும்பாலும் வைரஸ் கிருமிகளால் வருபவை. மழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லாரும் ஒரே அறையில் அடைந்து கிடப்பதும், பள்ளிக்கூடம் அப்போதுதான் திறந்திருப்பதும் அவற்றுக்குத் தோதாகிவிடுகின்றன. கார்த்திகை, மார்கழியில் இன்னொரு சுற்று உண்டு. சபரிமலை போய்த் திரும்புகிறவர்கள் தொண்டைக்கட்டோடு வருவார்கள். வந்த கையோடு கைக்குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுப்பார்கள்.

மூக்கில் சுரக்கிற சளி தொண்டையின் பின்பக்கம் வழிகிறது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் வெளியே தள்ளத்தான் இருமல். படுத்தால் சளி கூடுதலாக வழிவதால் ராத்திரியில் இருமலும் கூடும். சாதாரணச் சளியோடு வந்த இருமல் பாதிப் பிள்ளைகளுக்குச் சுமார் 10 நாளில் அடங்கிவிடும். 10 பேரில் 9 பேருக்கு 25 நாளுக்குள் நிற்கும். இந்தக் கணக்கு தெரியாததால்தான் நான்காம் நாளே டாக்டரை மாற்றுவதும், வாரம் முடிவதற்குள் அலமாரியில் மூன்று மருந்துக் குப்பி சேர்ந்துவிடுவதும். இருமல் எவ்வளவு சத்தமாக இருந்தாலும் பிள்ளையின் மூச்சு சீராக இருந்து, அது குடித்து, விளையாடிக்கொண்டிருந்தால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. மூச்சு மாறினால் அவகாசம் இல்லை. எனவே மூச்சைப் பார்க்கக் கற்றுக்கொள்வதிலிருந்து தொடங்குவோம்.

மூச்சை எண்ணுவது

பிள்ளை தூங்கும்போதோ, மடியில் அமைதியாக இருக்கும்போதோ எண்ண வேண்டும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தப்பும். சட்டையை மார்புக்கு மேல் ஏற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில், போனில் ஒரு நிமிட டைமர் வையுங்கள். வயிறும் நெஞ்சும் ஒருமுறை எழும்பி இறங்கினால் ஒன்று. முழு 60 விநாடியும் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது பெரியவர்களுக்குச் சரி. கைக்குழந்தை சில விநாடி விறுவிறுவென்று மூச்சுவிடும், சில விநாடி நிறுத்தும். பெருக்கினால் தப்புக் கணக்குதான் வரும்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் அளவு இது: 2 மாதம் நிறையாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முடிந்து 1 வயது வரை 50 அல்லது அதற்கு மேல், 1 வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம் என்று டாக்டரிடம் காட்ட வேண்டிய கட்டம். 2 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு முதல்முறை 60 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே இன்னொருமுறை எண்ணுங்கள். இரண்டாவதும் அப்படியே வந்தால் கிளம்புங்கள். காய்ச்சல் அடிக்கும்போது மூச்சு இயல்பாகவே கொஞ்சம் வேகம் கூடும். காய்ச்சல் இறங்கிய பின்னும் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் அது காய்ச்சலால் மட்டும் வந்ததல்ல.

எண்ணி முடித்ததும் கீழ் விலாவைப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு வெளியே விரிய வேண்டும். விலா எலும்புக்குக் கீழே உள்ள பகுதி உள்ளே குழிந்து போனால் பிள்ளை மூச்சுக்குப் பாடுபடுகிறது என்று பொருள். மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்குவது, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுவது, மூச்சை விடும்போது முனகல் சத்தம் வருவது எல்லாம் இதே வகை. இவற்றில் ஏதாவது தெரிந்தால் எண்ணிக்கை எவ்வளவு என்று யோசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீட்டில் இருக்கிறது. பெரியவர் விரலுக்குச் செய்த கிளிப் ஒன்றரை வயதுப் பிள்ளையின் விரலில் உட்காராது. கையை ஆட்டினால் எண் குதிக்கும். அது காட்டும் 98-ஐ நம்பி, குழிகிற நெஞ்சைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

மூக்கு, பால், படுக்கை

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வீட்டு வைத்தியம் என்று ஒன்று உண்டென்றால் அது மூக்கைத் திறந்து வைப்பதும் தாய்ப்பாலும்தான். இந்த வயதில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சுவிடும். மூக்கு அடைத்தால் பால் இழுக்க முடியாது, தூங்க முடியாது, வாயில் வைத்ததும் உதறிவிட்டு அழும். வீட்டில் பால் போதவில்லை என்று பேசத் தொடங்குவார்கள்.

மருந்துக் கடையில் குழந்தைக்கான சலைன் மூக்குச் சொட்டு என்று கேட்டு வாங்குங்கள். லேபிளில் சோடியம் குளோரைடு மட்டும் இருக்க வேண்டும். சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்று இருந்தால் அது வேறு மருந்து. குப்பி பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவை மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறப்பவை. கைக்குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் விடவே கூடாது. பெரிய பிள்ளைக்கும் சில நாளைக்கு மேல் விட்டால் நிறுத்தியதும் முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

சொட்டு விடும் முறை: குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஒவ்வொரு துவாரத்திலும் 2 சொட்டு. ஒரு நிமிடம் பொறுங்கள். சளி இளகி முன்னால் வரும், அல்லது குழந்தை தும்மி வெளியேற்றிவிடும். வெளியே வந்ததை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். ரப்பர் பல்பு வைத்து உறிஞ்சுவதானால் முதலில் பல்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, அமுக்கிய நிலையிலேயே நுனியைத் துவாரத்தின் வாயில் வைத்து, மெதுவாக விட வேண்டும். ஆழமாக நுழைக்கக் கூடாது. நாளைக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் உறிஞ்சினால் உள்தோல் புண்பட்டு வீங்கி அடைப்பு கூடும். சொட்டு விடுவதைப் பால் கொடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பும், தூங்கப் போகும் முன்பும் வைத்துக்கொள்ளுங்கள். பால் கொடுத்த பிறகு விட்டால் இருமி, குடித்ததெல்லாம் வெளியே வந்துவிடும்.

சளி நேரத்தில் ஒரே தடவையில் வழக்கமான அளவு குடிக்காது. நேரத்தைப் பாதியாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை குடித்தது என்றால் ஒரு மணிக்கு ஒருமுறை. இருமி வாந்தி எடுத்தால் பயப்பட வேண்டாம். பிள்ளைகள் சளியைத் துப்பத் தெரியாமல் விழுங்குகிறார்கள், அதுதான் வெளியே வருகிறது. 10 நிமிடம் விட்டுத் திரும்பக் கொடுக்கலாம். ஆறு மாதம் தாண்டியதற்கு வெதுவெதுப்பான நீர், கஞ்சி, ரசம் விட்டு மசித்த சோறு எல்லாம் சரி. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், கொடுக்கிற வாழைக்காய்ப் பொடிக் குறுக்கையும் நிறுத்த வேண்டாம். பால், தயிர், வாழைப்பழம் சளி கட்டும் என்று எல்லாவற்றையும் விலக்கி, ஒரு வாரம் வெறும் இட்லியில் பிள்ளையை மெலியவிடுகிறவர்கள் உண்டு. பால் சளியை உற்பத்தி செய்வதில்லை. பிள்ளை கேட்டால் கொடுங்கள்.

சேலைத் தொட்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆழமாகத் தொங்கும் தொட்டிலில் சிறு குழந்தையின் தலை முன்னால் மடங்கி மோவாய் நெஞ்சில் முட்டும். மூக்கு வேறு அடைத்திருந்தால் அந்த மடிப்பு மூச்சுக்குக் கூடுதல் தடை. சளி தீரும்வரை ராத்திரித் தூக்கம் சமமான பாயிலோ மெத்தையிலோ, மல்லாக்க. தலைமாட்டில் தலையணை வைத்து உயர்த்துவது ஒரு வயது தாண்டாத குழந்தைக்கு வேண்டாம். வழுக்கி முகம் புதையும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு தலையணை வைக்கலாம். ஸ்வெட்டர், குல்லா, மேலே இரண்டு கம்பளி என்று மூட்டை கட்டினால் உடல் சூடேறி மூச்சு இன்னும் வேகமாகும். உங்களுக்கு ஒரு சட்டை போதுமென்றால் பிள்ளைக்கு ஒன்றரை.

தேனும் அஞ்சறைப் பெட்டியும்

இருமலுக்கு ஓரளவாவது ஆய்வில் நின்ற வீட்டுப் பொருள் தேன். ஒரு வயது முடிந்த பிறகுதான். 1 முதல் 5 வயது வரை அரை டீஸ்பூன், அதாவது 2.5 மி.லி.; 6 முதல் 11 வயது வரை ஒரு டீஸ்பூன், 5 மி.லி. தூங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள். அப்படியே நக்கக் கொடுக்கலாம், வெந்நீரிலும் கலக்கலாம். பிறகு வாயைக் கொப்பளிக்க வைக்க மறக்க வேண்டாம், பல் சொத்தையாகும்.

ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர் குடலில் அவை ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். குழந்தை துவண்டு, பால் இழுக்க முடியாமல், மூச்சுத் தசையும் செயலிழக்கலாம். மலையில் எடுத்த சுத்தமான தேன், கேரளத்துச் சிறுதேன் என்று சொல்லி விதிவிலக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சுத்தத்துக்கும் வித்துக்கும் சம்பந்தம் இல்லை, வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. சேனை தொட்டு வைப்பதற்கும், அந்தப் பக்கம் பொன்னும் வயம்பும் (நம் வசம்பு) தேனில் இழைத்து நாக்கில் தடவுவதற்கும் இதேதான் பதில். ஆச்சியிடம் இதைச் சொல்லும் பொறுப்பை மருமகளின் தலையில் கட்டாமல் மகன் ஏற்றுக்கொண்டால் வீட்டில் சண்டை குறையும்.

கற்பூரவல்லி, கேரளத்துக்காரர்கள் பனிக்கூர்க்கை என்பது, இந்தப் பக்கம் தொட்டி இல்லாத வீடு இல்லை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரண்டு இலையைத் தோசைக்கல்லில் வாட்டிப் பிழிந்தால் சில சொட்டுச் சாறு வரும். அதைத் தேனில் குழைத்துக் கொடுப்பதில் கெடுதல் இல்லை. இருமலை அது குறைக்கிறதா, தேன் குறைக்கிறதா என்று கேட்டால் தேன் பக்கம்தான் சாய வேண்டியிருக்கும். மூன்று வயதுக்கு மேல் சுக்குக் கருப்பட்டித் தண்ணீர் நல்ல துணை. ஒரு டம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் சுக்குத்தூள், அரை டீஸ்பூன் தட்டிய மல்லி, சிறு துண்டு கருப்பட்டி போட்டு முக்கால் டம்ளராக வற்றவிட்டு, வடிகட்டி, ஆறவைத்து, நாலைந்து வாயாகக் கொடுங்கள். காப்பித்தூள் வேண்டாம். மிளகைக் கூட்டிக் காரக் கஷாயமாக்கினால் குடிக்கும்போதே புரையேறும். பிள்ளை அடுத்த தடவை வாயைத் திறக்காது. ஆயுர்வேத அரிஷ்டங்களைக் கடையில் கேட்டு வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். நொதிக்கவைத்துச் செய்பவை என்பதால் அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு. வைத்தியர் பிள்ளையைப் பார்த்து அளவு சொல்லியிருந்தால் மட்டும்.

செய்யக் கூடாதவற்றில் எண்ணெய்தான் முதலில் வரும். குளிப்பாட்டும்போது மூக்கில் தேங்காய் எண்ணெய் விடுவதும், எண்ணெயைத் தொண்டையில் விட்டு விரலால் சளி எடுப்பதும் இன்னும் நடக்கின்றன. எண்ணெய் இருமலைத் தூண்டாமலேயே நுரையீரலுக்குள் வழுக்கி இறங்கிவிடும். உடம்பு அதைக் கரைக்காது. வாரக்கணக்கில் தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். தொக்கம் எடுக்கிறேன் என்று வயிற்றை அமுக்கி வாயால் ஊதுகிறவர்களிடம் கொண்டுபோவதும் வேண்டாம். இராஸ்னாதி என்ற மூலிகைப் பொடியை உச்சியில் லேசாகத் தேய்ப்பதில் பிரச்சினை இல்லை, அது மூக்குக்குள் பறக்காமல் இருந்தால்.

கற்பூரம் கலந்த தைலங்களை 2 வயதுக்குள் தடவக் கூடாது. எந்த வயதிலும் மூக்குத் துவாரத்துக்குள் வேண்டாம். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கும் வழக்கம் இருக்கிறது. அந்தக் கிண்ணம் தவழும் பிள்ளையின் கைக்கு எட்டினால் ஆபத்து. விழுங்கிய கற்பூரம் நிமிடங்களில் வலிப்பை வரவழைக்கும். யூகலிப்டஸ் தைலக் குப்பியையும் அதே பூட்டுக்குள் வையுங்கள். ஆவி பிடிப்பதால் பிள்ளைகளின் இருமல் சீக்கிரம் தீர்கிறது என்பதற்குச் சான்று இல்லை, ஆனால் கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து தொடை வெந்து வருகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. மூக்கைத் திறக்க சலைன் போதும்.

புகை

குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி, கொசுவுக்குச் சுருள், வெந்நீருக்கு விறகடுப்பு, திண்ணையில் தாத்தாவின் பீடி. சாரல் காலத்தில் ஜன்னல் மூடியிருப்பதால் இவை நான்கும் ஒரே அறையில் தேங்கும். சளி பிடித்த மூச்சுக்குழாய் ஏற்கனவே வீங்கியிருக்கிறது. புகை பட்டதும் சுருங்கும். மருந்தே இல்லாமல் இருமலைக் குறைக்க வழி கேட்டால் இதுதான் எங்கள் முதல் பதில். சாம்பிராணியைச் சளி தீரும்வரை நிறுத்துங்கள், தலையைத் துண்டால் துவட்டினால் காய்ந்துவிடும். சுருளுக்குப் பதில் கொசுவலை. பீடி வாசலுக்கு வெளியே, அதுவும் சட்டை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குவது. காயாத துணியைப் பிள்ளை படுக்கும் அறையில் கொடி கட்டி உலர்த்தினால் சுவரில் பூஞ்சை ஏறும். இளைப்பு (வீசிங்) உள்ள பிள்ளைக்கு அது தனி வினை. மழை விட்ட நேரத்தில் எதிரெதிர் ஜன்னலைக் கால் மணி நேரம் திறந்து வையுங்கள், குளிர் அடிக்கும் என்று பயப்படாமல்.

மருந்துக் குப்பி

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் என்ற சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. தொழிற்சாலைக் கரைப்பான் அது; இனிப்பாக இருக்கும், சிறுநீரகத்தைக் கொல்லும். தமிழ்நாடும் கேரளமும் அந்த சிரப்பின் விற்பனையை நிறுத்தின. 2 வயதுக்குள் இருமல், சளி மருந்துகளை எழுதவும் கூடாது கொடுக்கவும் கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று ஒன்றிய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சளிக் கலவையை 4 வயதுக்குள் தரக் கூடாதென்று லேபிளில் அச்சிடச் சொல்லியிருந்தார்கள்.

கலப்படம் இல்லாத நல்ல சிரப்பும் சிறு பிள்ளையின் இருமலைப் பெரிதாகக் குறைப்பதில்லை. தூங்கவைக்கும் மருந்து இருமலை அடக்குவது போலத் தோன்றும். சளி உள்ளேயே நிற்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்புடலின் கலந்த சிரப் கொடுத்தால் சில பிள்ளைகளுக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். கேரளத்தில் 12 வயதுக்குள் டாக்டர் சீட்டு இல்லாமல் இருமல் மருந்து கொடுக்கக் கூடாது, பழைய சீட்டுக்கும் கொடுக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உத்தரவு வந்தது. புனலூரிலோ தென்மலையிலோ கடைக்காரர் இல்லை என்று சொன்னால், பஸ் ஏறிச் செங்கோட்டைக்கு வந்து வாங்கிப் போவதில் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. ஆன்டிபயாடிக்கும் அப்படியே. சளி மஞ்சளாக, பச்சையாக மாறியதால் மட்டும் அது தேவைப்படாது. சாதாரண வைரஸ் சளியும் மூன்றாம் நான்காம் நாளில் நிறம் மாறும்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம். வயதைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், பொதுவாக 6 மணி. நாளைக்கு 4 வேளைக்கு மேல் போகக் கூடாது. தப்பு நடக்கும் இடம் குப்பிதான். சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. ஒரு வகை, 250 மி.கி. இன்னொரு வகை. 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி. வேண்டுமென்றால் சொட்டில் 1.5 மி.லி., 125 சிரப்பில் 6 மி.லி., 250 சிரப்பில் 3 மி.லி. சிரப் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும். வீட்டு எவர்சில்வர் கரண்டியால் அளக்காதீர்கள், ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் வாங்கி வையுங்கள். சளி மருந்துக் கலவையிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஈரலுக்கு ஆகாது. மழைக்காலத்தில் இரு பக்கமும் டெங்கு இருப்பதால் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் பக்கம் போகவே வேண்டாம். 3 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாலே மருந்து கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள்.

இளைப்பு உள்ள பிள்ளைக்கு

ஒவ்வொரு சளிக்கும் விசில் சத்தம், விளையாடி ஓடினால் இருமல், விடியற்காலை இருமல் என்று தொடர்ந்தால் டாக்டர் பம்ப் (இன்ஹேலர்) எழுதுவார். பம்ப் பழகிவிடும் என்ற பயத்தில் வாயில் ஊற்றும் சிரப்பையே கேட்டு வாங்குகிறவர்கள் அதிகம். சிரப் உடம்பெல்லாம் சுற்றிப் போகிறது. பம்ப் மருந்து மிகக் குறைந்த அளவில் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. பழக்கமும் ஆகாது.

சிறு பிள்ளைக்குப் பம்பை நேரே வாயில் அடிக்கக் கூடாது. ஸ்பேசரும் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் பிளாஸ்டிக் குழாய்) முகமூடியும் வேண்டும். பம்பை நன்றாகக் குலுக்குங்கள். புதிதாக இருந்தாலோ, நாள்பட எடுக்காமல் இருந்தாலோ இரண்டு தடவை காற்றில் அடித்துவிடுங்கள். ஸ்பேசரில் பொருத்தி, முகமூடியை மூக்கும் வாயும் சேர்ந்து மூடும்படி இடைவெளி இல்லாமல் அழுத்திப் பிடியுங்கள். ஒரே ஒரு பஃப் அடித்து, பிள்ளை 5 முதல் 10 மூச்சு விடும்வரை எடுக்காதீர்கள். இரண்டாவது பஃப் வேண்டுமானால் அரை நிமிடம் கழித்து, திரும்பக் குலுக்கிவிட்டு. ஒரேயடியாக இரண்டு மூன்று அடித்தால் மருந்து ஸ்பேசர் சுவரில் ஒட்டி வீணாகும். அலறி அழும் பிள்ளைக்கு மருந்து தொண்டையோடு நின்றுவிடும். ஆகவே நல்ல நாளிலேயே வெறும் முகமூடியை வைத்து விளையாட்டாகப் பழக்குங்கள். வாரம் ஒருமுறை பாத்திர சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஸ்பேசரை அலசித் தானாக உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி மருந்தைச் சுவரே இழுத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு பம்ப் என்றால் அடித்த பின் வாய் கொப்பளித்து, முகமூடி பட்ட முகத்தைத் துடைத்துவிடுங்கள். எத்தனை பஃப், எத்தனை மணிக்கு ஒருமுறை, எப்போது வீட்டில் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு நெபுலைசரை இரவல் வாங்கினால் முகமூடியும் மருந்துக் கிண்ணமும் உங்களுடையதாக இருக்கட்டும்.

வேறு மாதிரி இருமல்கள்

நன்றாக இருந்த பிள்ளை தின்றுகொண்டோ விளையாடிக்கொண்டோ இருக்கும்போது திடீரென்று இருமத் தொடங்கினால், அதற்குமுன் சளியே இல்லையென்றால், நிலக்கடலையோ முந்திரியோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். சத்தமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். வாய்க்குள் குருட்டாம்போக்கில் விரலை விட்டுத் தோண்டாதீர்கள், பொருள் இன்னும் உள்ளே போகும். சத்தம் வராமல் திணறினால், ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் தலை கீழாகக் கவிழ்த்து இரு தோள்பட்டைக்கு நடுவே 5 தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவே இரண்டு விரலால் 5 அழுத்து, மாறி மாறி. ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் 5 தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக 5 உந்து. இருமல் அடங்கிவிட்டாலும் பொருள் வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பொருள் ஒரு பக்க நுரையீரலில் தங்கி, வாரங்கள் கழித்துத் திரும்பத் திரும்ப நிமோனியாவாகத் தலைகாட்டும். குழாய் விட்டு எடுக்கும் வசதி பெரிய ஆஸ்பத்திரியில்தான்: திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி, அல்லது திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. தாய் சேய் ஆஸ்பத்திரி.

நாய் குரைக்கிற மாதிரி இருமலும் கரகரத்த குரலும் நடுராத்திரியில் தொடங்கினால் அது குரல்வளை வீக்கம். அழவிடாமல் தோளில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அமைதியாக இருக்கும்போதும் மூச்சை இழுக்கையில் கீச்சென்ற சத்தம் கேட்டால் தாமதிக்கக் கூடாது. பெரும்பாலும் ஒரு வேளை ஸ்டீராய்டிலேயே இறங்கிவிடும்.

2 வயதுக்குள் சளியோடு இளைப்பும் வந்தால் மூச்சுச் சிறுகுழாய் அழற்சியாக இருக்கலாம். இது மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை கூடிக்கொண்டே போய்ப் பிறகுதான் இறங்கும். இரண்டாம் நாள் காட்டியபோது பரவாயில்லை என்று டாக்டர் சொன்னதை நான்காம் நாள்வரை நம்பிக்கொண்டிருக்காமல், தினம் இரண்டு தடவை மூச்சை எண்ணுங்கள்.

மூச்சுவிட இடமில்லாமல் தொடர்ந்து இருமி, முகம் சிவந்து, கடைசியில் வாந்தி எடுத்தால் கக்குவான் இருமலைச் சந்தேகிக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தை இருமாமலே மூச்சு நின்றுபோகலாம். இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு காய்ச்சல், எடை குறைவு, அல்லது வீட்டில் யாருக்காவது காசநோய் என்றால் அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பரிசோதனை கேளுங்கள். சோதனையும் மருந்தும் இலவசம்.

நெஞ்சு குழிவது, உதடு நீலமாவது, பேரைச் சொல்லி எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, குடிப்பது வழக்கத்தில் பாதிக்கும் கீழே போவது, 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, மூச்சு இடையிடையே நிற்பது: இதில் எது வந்தாலும் 108. இரு மாநிலத்திலும் அதே எண்தான். கூப்பிடும்போது ஊரோடு மாவட்டத்தையும் மாநிலத்தையும் சொல்லுங்கள். தென்காசி மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியா, புனலூர்த் தாலுக்கா ஆஸ்பத்திரியா என்பதை எது கிட்டமோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். மழையில் மலைப்பாதை ஏறுவதா என்று அந்த நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது இருமலையும் மூச்சையும் போனில் அரை நிமிடம் படமெடுத்துக்கொண்டு போங்கள், நெஞ்சு தெரியும்படி. அங்கே போனதும் பிள்ளை இருமாது. கொடுத்த மருந்துக் குப்பிகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மூச்சு எண்ணிக்கையை நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். தடுப்பூசி அட்டையும் கூடவே இருக்கட்டும். பிரசவத்துக்கு அம்மா வீடு புனலூர், வளர்வது செங்கோட்டை என்று இருக்கிற பிள்ளைகளுக்குப் பாதி ஊசி அங்கே, பாதி இங்கே என்று பதிவு சிதறிக் கிடக்கும், நடுவில் ஒன்று விட்டுப்போயிருக்கும். கக்குவானுக்கான பாதுகாப்பு 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் வருகிறது. 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு பூஸ்டர், 5 முதல் 6 வயதுக்குள் இன்னொன்று. நிமோகாக்கல் ஊசி 6 வாரம், 14 வாரம், 9 மாதம். இரு மாநிலத்துக்கும் அட்டவணை ஒன்றுதான், எந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலும் விட்டதிலிருந்து தொடர்ந்து போடுவார்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சாரல் தொடங்குவதற்கு முன் வைகாசியிலேயே அந்த அட்டையை எடுத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.